மோட்டாரில் போய்க் களைத்தவர்

அபெலார்தோ சியாச்சோக்கே தம் வாழ்நாளில் ஒரே ஒரு சைக்கிள் பந்தயத்தில்தான் கலந்துகொண்டார். எங்கள் ஊர்த் திருவிழாப் பந்தயம் அது. பூசை முடிந்ததும் பாதிரியார் கொடியை அசைத்தார். கூட்டம் புறப்பட்டது. ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் அபெலார்தோ சைக்கிளை ஒரு வேலியில் சாய்த்துவிட்டு வாந்தி எடுத்தார். அன்று காலை அவர் என்ன சாப்பிட்டிருந்தார் என்பது வேலிக்குப் பின்னால் மேய்ந்த மாடுகளுக்குக்கூடத் தெரிந்துபோனது. மறுநாளிலிருந்து அவர் தம்மை முன்னாள் பந்தய வீரர் என்று சொல்லிக்கொண்டார்.

இதில் பெரிய குற்றமில்லை என்று நினைப்பீர்கள். எங்கள் பொயாகா மலைகளில் பிறந்த ஆண்பிள்ளைக்கு சைக்கிளில் மலை ஏறத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதைப் பற்றிப் பேசவாவது தெரிய வேண்டும். எங்கள் தெருவில் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மற்றவர்களின் பேச்சு யாருடைய வயிற்றையும் காயப்போட்டதில்லை. அபெலார்தோவின் பேச்சு பெற்ற மகளின் வயிற்றைக் காயப்போட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றபடி, எழுதிவைக்கும் அளவுக்கு அந்த மனிதரிடம் எதுவும் இல்லை.

நான் எதிர்வீட்டுக்காரி. அந்த வீட்டில் பானை திறக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்கும். அபெலார்தோவுக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை இருந்தது. முதுகுவலி என்று சொல்லி விட்டுவிட்டார். பால் கேனைத் தூக்கும்போது மட்டும் வருகிற விசித்திரமான வலி அது. சாராயக் கடைக்குப் பின்னால் இரும்புத் தட்டை வீசி வெடிமருந்துப் பொட்டலத்தை வெடிக்கவைக்கும் ஆட்டத்தில் அந்த வலி ஒருமுறைகூட வந்ததில்லை.

அவருடைய மனைவி ஒதிலியா விடியும் முன்பே மண் அடுப்பை மூட்டுவாள். சோளமாவுக்குள் சீஸ் வைத்து ரொட்டி சுட்டு விற்பாள். அந்த வீட்டில் வேலை செய்தது அந்த அடுப்பும் அதன் முன்னால் நின்றவளும்தான். அம்மா சுட்ட ரொட்டியைக் கூடையில் கட்டிக்கொண்டு, காற்றுமேட்டில் லாரிக்காரர்கள் நிறுத்தும் இடம்வரை சைக்கிளில் ஏறிப் போய் விற்றுவந்தவள் யோலிமா. ஒரே மகள். ஒல்லியான கால்கள், பெரிய கண்கள், வாயைத் திறந்து எதையும் கேட்கத் தெரியாத சுபாவம். ஒருநாள் நகரத்திலிருந்து பளபளக்கும் சைக்கிள்களில் வந்த வாலிபர்களால் கூடையோடு ஏறிய இந்தப் பெண்ணை மேடு முடியும்வரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அந்தச் செய்தி மாலைக்குள் சாராயக் கடைக்கு வந்து சேர்ந்தது.

மறுநாளே அபெலார்தோ ஒரு விசில் வாங்கினார். பந்தயத் தொப்பி ஒன்று ஏற்கெனவே இருந்தது. மைத்துனரிடம் இரவல் வாங்கித் திருப்பித் தராத மோட்டார் சைக்கிளும் இருந்தது. பயிற்சியாளர் தயார்.

யோலிமா ஏறுவாள். பின்னால் அபெலார்தோ மோட்டாரில் போவார். தோளில் கம்பளிப் போர்வை, வாயில் விசில். மேட்டில் அவள் மூச்சு திணறும்போது அவர் விசில் ஊதுவார். அவள் வேகம் எடுக்கும்போதும் ஊதுவார். அந்த விசிலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வீடு திரும்பியதும் முதலில் இறங்குகிறவர் அவர்தான்.

"ஒதிலியா! சூப்பு எங்க? அரை மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும். லேட்டாச்சுன்னா சதை தேறாது!"

"ரெடியா இருக்குங்க. உக்காருங்க."

உட்காருவார். யோலிமா வெளியே நின்று ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருப்பாள்.

அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. அதுதான் கொடுமை. மலை ஏறி இறங்கிய உடம்புக்கு உடனே இனிப்பும் கொஞ்சம் உப்பும் வேண்டும். சூடான வெல்லத் தண்ணீரில் சீஸ் துண்டைப் போட்டுக் குடித்தால் கால் நடுக்கம் நிற்கும். அடுத்து உருளைக்கிழங்கும் சோறும். அதோடு கறி, இல்லாத நாளில் முட்டை. பிறகு நல்ல தூக்கம். இவ்வளவையும் அபெலார்தோ தெருவில் நின்று யாருக்கு வேண்டுமானாலும் விளக்குவார். விளக்கிக்கொண்டே அவரே சாப்பிட்டு முடிப்பார்.

எங்கள் மலைகளில் பானையைத் திறந்தால் முதல் கிண்ணம் வீட்டு ஆணுக்கு. பானையில் இருக்கிற நல்ல விலா எலும்பு அந்த முதல் கிண்ணத்தில்தான் விழும். ஒதிலியாவின் அம்மா அப்படித்தான் பரிமாறினாள். ஒதிலியாவின் அகப்பைக்கும் வேறு பாதை தெரியாது. இன்று மலை ஏறியது யார் என்று அகப்பை கேட்குமா? கறி நிறைய வாங்கும் வீட்டில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ரொட்டி சுட்டுப் பிழைக்கும் வீட்டில், பானைக்கு ஒரே எலும்பு போடுகிற வீட்டில், இரண்டாவது கிண்ணம் என்பது கொத்தமல்லி மிதக்கும் வெந்நீர்தான். அந்த வெந்நீரை யோலிமா குடித்தாள்.

"அம்மா, இன்னொரு கிழங்கு இருக்கா?" என்று அவள் கேட்டதை ஒரு முறை நானே கேட்டேன்.

அம்மா பதில் சொல்வதற்குள் அப்பா சொன்னார்: "போதும் போதும். மலை ஏறுறவ குருவி மாதிரி இருக்கணும். தின்னு கொழுத்த குருவி பறக்குமா?"

சொன்னபோது அவருடைய மீசையில் எலும்பின் கொழுப்பு மின்னியது.

என்னால் பொறுக்க முடியவில்லை. வாசலில் நின்றே, மரியாதைக்கு ஒரு ‘தோன்’ போட்டுக் கேட்டேன்:

"தோன் அபெலார்தோ, மலை ஏறினது பொண்ணா, நீங்களா?"

"உங்களுக்கு என்ன தெரியும், தோன்யா எல்வீரா? மோட்டார்ல போறப்ப எதிர்க்காத்து மொத்தமும் என் நெஞ்சுலதான் அடிக்குது. அவ என் பின்னால ஒதுங்கி சொகமா வர்றா."

"நீங்கதானே அவ பின்னால போறீங்க?"

"இறக்கத்துல முன்னால போவேன்."

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எங்கள் மாநிலப் பெண்கள் அணிக்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு நடக்கும். இரண்டு நாள், மூன்றே இடங்கள். இடம் கிடைத்தவர்கள் நகரத்தில் அணி வீட்டில் தங்குவார்கள். அங்கே சமையற்காரி உண்டு. பயிற்சி முடிந்து வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தட்டு தனியாக வரும், அதில் கறியும் வரும். மற்றப் பெண்கள் அங்கே கிடைக்கிற சைக்கிளையும் சட்டையையும் பற்றிக் கனவு கண்டார்கள். யோலிமா கனவு கண்டது அந்தத் தட்டைப் பற்றித்தான். என்னிடம் அவளே சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது, ஏதோ பாவம் செய்தவளைப்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். பாவி நான், அன்று அழுதுவிட்டேன்.

போன ஆண்டுத் தேர்வில் சனிக்கிழமை அவள்தான் முதலாவதாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாதி மேட்டில் அவளுக்கு வெளுப்பு வந்துவிட்டது. உடம்பில் சேமிப்பு தீர்ந்து, உதடு வெளுத்து, கால் கழன்றுபோகிற அந்த நிலையை நாங்கள் வெளுப்பு என்போம். சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். தேர்வாளர் லிசான்த்ரோ அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"முதல் நாள் நீ ஏறுறத பாத்துட்டேன், பொண்ணே. எனக்கு ரெண்டாவது நாள் ஏறுறவதான் வேணும். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"எங்க அப்பா சொல்றபடிதான் சாப்பிடறேன், சார்."

லிசான்த்ரோ நிமிர்ந்து, மோட்டார்மேல் உட்கார்ந்திருந்த அபெலார்தோவின் தொப்பையைப் பார்த்தார். "உங்க அப்பா நல்லாத் தேறியிருக்காரு," என்றார். அபெலார்தோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

இந்த ஆண்டு அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும். அப்புறம் காற்றுமேட்டு ரொட்டிக் கூடைதான், ஆயுள் முழுக்க.

ஒதிலியா தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஒரு பை நிறைய, மகளுக்கு இரண்டு நாளைக்கு வேண்டியதைக் கட்டினாள். சீஸ் ரொட்டி, அவித்த முட்டை, உப்புப் போட்டு வேகவைத்த சின்னக் கிழங்கு, இலையில் சுற்றிய கொய்யா அல்வாக் கட்டிகள். பையை யாரிடம் கொடுத்தாள்? மோட்டாரில் போகிறவரிடம்! ஐயோ ஒதிலியா, நீ நல்லவள்தான். ஆனால் நல்லவர்களின் முட்டாள்தனத்தால்தான் இப்படிப்பட்ட மனிதர்களின் வயிறு வளர்கிறது.

சனிக்கிழமை நடந்ததைப் பிறகு யோலிமா சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்று அவள் மூன்றாவதாக வந்தாள். நான்காவதாக வந்த பச்சைச் சட்டைப் பெண் அவள் முதுகை ஒட்டியே வந்தாள். போட்டியாளர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பெரிய அண்டாவில் சூப்பு வைத்திருந்தார்கள். ஓட்டியவளுக்கு ஒரு கிண்ணம், ஒரு எலும்பு. துணைக்கு வந்தவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட வேண்டும். அபெலார்தோ கழுத்தில் விசிலோடு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். பரிமாற வந்த பெண்ணும் எங்கள் மலைகளில் பிறந்தவள்தானே? மேசையில் ஒரு ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் தடுக்கவில்லை. "பாதி தரேன்," என்று மகளிடம் சொன்னார். தந்த பாதியில் எலும்பு இருந்தது, கறி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒதிலியாவும் நானும் பால் லாரியில் புறப்பட்டோம். அன்று இரண்டு ஏற்றம். முதல் ஏற்றத்துக்குப் பிறகு சந்தை ஊரில் ஒரு மணி நேர ஓய்வு. அவரவர் ஆட்கள் அவரவருக்குச் சாப்பாடு கொடுத்துத் தேற்ற வேண்டும். கடைசி ஏற்றம் எங்கள் காற்றுமேடு.

சந்தைச் சதுக்கத்தில் நாங்கள் இறங்கியபோது யோலிமா வந்து சேர்ந்திருந்தாள். இன்னும் மூன்றாவது இடம்தான். ஆனால் உதட்டில் இரத்தமே இல்லை. சுற்றிலும் மற்றப் பெண்களின் வாயில் அம்மாக்களும் சித்திகளும் சோற்றையும் வாழைப்பழத்தையும் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் கோயில் படியில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். காய்ந்த இலைகளும் முட்டை ஓடுகளும் விழுந்தன.

"அப்பா, கொய்யாக் கட்டி எங்க?"

"எந்தக் கட்டி?"

"அம்மா வச்சது. ரொட்டி, கிழங்கு... எதையுமே காணோமே?"

அபெலார்தோ தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நேத்து வழி பூரா என்ன குளிரு தெரியுமா? உன்ன நெனச்சு நெனச்சு எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டது. பயிற்சியாளன் மயங்கி விழுந்துட்டா அப்புறம் உனக்கு யாரு விசில் ஊதுவா?"

ஒதிலியா அந்த இலைகளையே பார்த்தாள். அவள் கையால் சுற்றிய இலைகள். பிறகு மகளின் உதட்டைப் பார்த்தாள். இத்தனை வருடமும் அடுப்புப் புகை மறைத்த எதையோ அன்றுதான் பார்த்தவள்போல அவள் முகம் மாறியது. விறுவிறுவென்று சூப்புக் கடைக்குப் போய் ஒரு கிண்ணம் கேட்டாள்.

கடைக்காரி கிண்ணத்தைத் தானே தூக்கிவந்தாள். நல்ல பெரிய விலா எலும்பு, கிழங்கு, மேலே கொத்தமல்லி. வந்தவள் நேராக அபெலார்தோவின் முன்னால் வைத்தாள். "சூடா இருக்கு, தோன், பாத்துக் குடிங்க," என்றாள். அந்த மனிதர் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்! பெற்ற மகள் படியில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள், இவர் கரண்டியை எடுக்கிறார்!

ஒதிலியா வெறுங்கையால் கிண்ணத்தைப் பிடுங்கினாள். அவர் முழங்காலில் சூப்பு சிந்தியது. கிண்ணத்தை மகளின் மடியில் வைத்தாள்.

"ஒதிலியா! நாலு பேரு பாக்கறாங்க!"

"பாக்கட்டும். சாப்பிடு யோலி. மொதல்ல சூப்பக் குடி. கிழங்கு அப்புறம்."

"கடைக்காரம்மா எனக்குத்தானே வச்சாங்க?"

"நீங்க மலை ஏறல. மோட்டார் ஏறுச்சு. அதுக்குப் பசிச்சா பெட்ரோல் ஊத்துங்க."

கடைக்காரி இடுப்பில் கட்டியிருந்த துணியால் வாயை மூடிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ஒரு கோப்பை வெல்லத் தண்ணீரும் சீஸும் கொண்டுவந்தாள். இந்த முறை சரியான ஆளிடம் கொடுத்தாள். யோலிமா குடித்தாள். முதலில் அப்பாவைப் பார்த்துப் பார்த்துக் குடித்தாள். பிறகு பார்க்கவில்லை. கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது.

அபெலார்தோ முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் இல்லாம அவ ஏறிடுவாளான்னு பாக்கறேன்," என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மோட்டாரை உதைத்துக் கிளப்பி, புகையைக் கக்கிவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

கடைசி ஏற்றம் தொடங்கியது. பின்தங்கியவர்களைத் தாண்டி, முன்னணிப் பெண்களின் பின்னால் எங்கள் பால் லாரியும் ஊர்ந்தது. வளைவுக்கு வளைவு யோலிமாவின் முதுகு தெரிந்தது. ஆடாமல், அசையாமல், ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சைச் சட்டை, ஒரு லாரி நீளம் கூட இடைவெளி இல்லை.

மேட்டுக்குச் சற்றுக் கீழே, கடைசி வளைவில், சாலையோரப் புல்லில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். நெஞ்சில் ஒரு கை. இன்னொரு கை சாலைப் பக்கம் நீண்டு துடித்தது. பக்கத்தில் மோட்டார் அழகாக ஸ்டாண்டு போட்டு நின்றது.

"யோலி... மகளே... அப்பாவுக்கு வெளுப்பு வந்துருச்சு... கண்ணு இருட்டுது..."

நடிப்பு என்று எங்களுக்குத் தெரிகிறது. அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அவள் வேகம் குறைந்தது. ஒரு கால் பெடலைவிட்டுக் கீழே இறங்கியது. பச்சைச் சட்டை பக்கவாட்டில் வந்துவிட்டது. ஒரு நிமிடம் நின்றால் போதும், தட்டும் போச்சு, அணி வீடும் போச்சு. ஆனால் தரையில் கிடப்பது அப்பா. இப்படி ஒரு தராசில் பெற்ற மகளை நிறுத்துகிறவனை மனிதன் என்று எந்த வாயால் சொல்வது?

யோலிமா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். லாரியிலிருந்து நாங்களும் பார்த்தோம். கண்கள் மூடியிருந்தன, மூச்சு திணறியது, எல்லாம் சரி. வலது கன்னம் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. மென்றுகொண்டிருந்தார். மகளுக்காகக் காத்திருந்த நேரத்தில்கூட அந்த வாயால் சும்மா இருக்க முடியவில்லை.

"அப்பா," என்றாள் யோலிமா, மூச்சுக்கு நடுவில். "முழுங்கிட்டு எந்திரிங்க."

கால் பெடலுக்குத் திரும்பியது. அதன்பிறகு அவள் ஏறிய ஏற்றத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

லாரி ஓட்டுநர் ஒதிலியாவைத் திரும்பிப் பார்த்தார். "நிறுத்தவாம்மா? உங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கே?"

"வேணாம் தம்பி. வழியில படுத்துக் கெடக்கறவங்களயெல்லாம் ஏத்துனா உங்க பால் திரிஞ்சு போயிடும்," என்றாள் ஒதிலியா. கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

யோலிமா மூன்றாவதாக மேட்டைத் தொட்டாள். லாரியின் பின்பலகையில் அவளை உட்காரவைத்து, போர்வையைச் சுற்றி, கேன் மூடியில் பாலும் வெல்லமும் கலந்து கொடுத்தோம். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

லிசான்த்ரோ பெயர்களை வாசித்தார். மூன்றாவது பெயர் யோலிமா சியாச்சோக்கே. கூட்டம் கைதட்டியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் முன்னால் போய் அணிச் சட்டைக்குக் கையை நீட்டினார். சற்றுமுன் கண் இருண்டு செத்துக்கொண்டிருந்த அதே ஆள்தான். மோட்டார் அவரை வெகு சீக்கிரம் பிழைக்கவைத்துவிட்டது.

"நான் அவளோட அப்பா. பயிற்சியாளரும் நான்தான்."

"தெரியும், தோன் அபெலார்தோ," என்றார் லிசான்த்ரோ. "ஆனா இந்தச் சட்டை உங்க வயித்துக்குப் பத்தாது. போட்டுக்கறவ வரட்டும்."

யோலிமா போனாள், உதட்டில் பாலோடு.

அணி வண்டி அன்று மாலையே நகரத்துக்குப் புறப்பட்டது. தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் லாரி ஓட்டுநரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். யோலிமா அப்பாவிடமும் போய் அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். அவள் அப்படித்தான். வண்டி கிளம்பியது. ஜன்னலில் ஆடிய கை சிறிதாகி, வளைவில் மறைந்தது.

அபெலார்தோதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப ராத்திரிக்கு என்ன சாப்பாடு?"

ஒதிலியா மூக்கைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

"கிழங்கு கூடையில இருக்கு. அடுப்பு எங்க இருக்குன்னு தெரியலன்னா தோன்யா எல்வீராகிட்ட கேளுங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

நானும் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன், லாரி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அபெலார்தோ அதற்குள் வேறொரு பெண்ணின் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, அவர் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தபடியே, இவ்வளவு பெரிய மேட்டில் மோட்டார் ஓட்டினால் உடம்பு என்ன பாடுபடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.